பத்தலப்பல்லிக் கணவாய், 1917

கடலை நான் பார்த்ததில்லை.
பேரேட்டில் பார்த்திருக்கிறேன்:
ஒரு பக்கம் தோல், மறுபக்கம் பவுன்,
நடுவே ஒரு சிவப்புக் கோடு.
அந்தக் கோடுதான் கடல் என்று
பேரணாம்பட்டில் உட்கார்ந்து நினைத்திருந்தேன்.

மாசியில் தந்தி வந்தது.
'லோர்னா பே' முழுகிவிட்டது.
அதில் எங்கள் மூட்டை நாற்பத்திரண்டு.
முனீருத்தீன் சாகிப் தந்தியை மடித்தார்,
மறுபடி பிரித்தார்,
"எந்த இடத்தில்?" என்றார்.
இடம் போட்டிருக்கவில்லை.

சுண்ணாம்புக் குழியில் ஊறி,
கன்னியப்பன் கத்தியில் சதை நீங்கி,
ஆவாரம்பட்டைச் சாற்றில் நாட்கணக்காய்க் கிடந்து,
கடுக்காய்த் தண்ணீரில் நிறம் தெளிந்து
மேல்பட்டியில் ரயிலேறிய தோல்.
உப்பைக் கழுவித்தான் வேலையைத் தொடங்கியிருந்தோம்.

பங்குனியில் இன்னும் இரண்டு கப்பல்.
சித்திரையில் பெரியமேட்டுத் தரகர் எழுதினார்:
ஜெர்மன் நீர்மூழ்கி இப்போது எச்சரிப்பதில்லை,
இன்ஷூரன்ஸ்காரன் நூற்றுக்குப் பத்து கேட்கிறான்.
பத்து என்று எழுதும்போது
பேனா முள் கொஞ்சம் அழுந்திவிட்டது.
அந்தப் பக்கத்தில் இன்னும் ஓட்டை இருக்கிறது.

அதே சித்திரையில்
வெங்கடகிரிகோட்டையிலிருந்து ஆடு ஓட்டிவரும் கெங்கையன்
இரண்டு நாள் தாமதம்.
திட்டுவதற்காக வெளியே வந்தேன்.
மலட்டாற்று மணலில்
எழுநூறு ஆடு நின்றது.
எப்போதும் அறுபது, எழுபதுதான் வரும்.

"இன்னா செய்றது? கணவாயில சிறுத்தை.
நாலு ஊரு மந்தையும் ஒண்ணா சேர்த்துட்டோம்.
நொண்டி எப்டி நடக்குதோ
அப்டித்தான் எல்லாம் நடக்கணும்."
நாய்கள் இரண்டு பக்கமும்.
தீவட்டி முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

"எத்தனை போச்சு?"
"ஒண்ணு."
"அதுவும் போகாமல் பார்த்திருக்கலாமே."
"ஒண்ணு போவும்ங்க" என்றான்,
தலைப்பாகையை அவிழ்த்து முகம் துடைத்தபடி.

லண்டனில் அதே மாதம்
கடற்படைப் பெருந்தலைகள் வாதாடியதைப்
பத்து வருஷம் கழித்துத்தான் படித்தேன்.
கூட்டமாய்ப் போனால் குறி பெரிதாகும் என்றார்களாம்.
சரக்குக் கப்பல்காரனுக்கு வரிசை வராது என்றார்களாம்.
வாரத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு கப்பல்,
அத்தனைக்கும் காவல் ஏது என்றார்களாம்.

அந்த எண்ணில்
கரையோரம் தவழும் படகெல்லாம் சேர்ந்திருந்தது.
சமுத்திரம் தாண்டுவன நூற்றிருபது, நூற்றுநாற்பது.
ஆட்டுக் கணக்கில் கோழியைச் சேர்த்த
யாரோ ஒரு குமாஸ்தா!
அவனை நினைத்து ஒரு ராத்திரி தூக்கம் போயிற்று.
சேர்த்து எழுது என்றிருப்பார்கள்.
எழுதியிருப்பான்.
நானும் எழுதியிருப்பேன்.

சிறுத்தையாகவும் இருந்து பார்த்தேன்.
முன்பெல்லாம் ராத்திரிக்கு ராத்திரி
எங்காவது ஒரு கழுத்துமணி.
இப்போது எட்டு நாள் பாதை வெறுமை.
ஒன்பதாம் நாள் எல்லாம் ஒரே மூச்சில் கடந்துபோகிறது,
பாறைக்கு அந்தண்டைப் பக்கமாக.
அத்தனை பெரிய மலையில்
எழுபது ஆடும் ஒரு புழுதிதான்,
எழுநூறும் ஒரு புழுதிதான்.
பசியோடு படுத்திருப்பதும் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஆவணிக்குப் பிறகு மூட்டைகள் போய்ச் சேர்ந்தன.
சர்க்கார் முத்திரை, சர்க்கார் விலை.
சாகிப் எல்லோருக்கும் அரையணா கூட்டினார்.
ஒரு ரசீதின் பின்புறம்
எவனோ பென்சிலால் கணக்குப் போட்டிருந்தான்:
ஒரு மூட்டைக்கு எத்தனை ஜோடி பூட்ஸ்.
வகுத்தலில் தப்பு.
சரிசெய்து வைத்தேன்.

ஐப்பசி.
மதராஸ் பேப்பரில் பெல்ஜியம், மழை,
இடுப்பளவு சேறு.
காலை இழுத்தால் வராத சேறு என்று நானாகச் சேர்த்து
குழிமேட்டில் நின்று வாசித்தேன்.

கன்னியப்பன் கையை உதறிக்கொண்டு கேட்டான்:
"நம்முளுதா?"
"எது?"
"பூட்ஸு."

தெரியாது என்றேன்.
கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தான்.
பிறகு குனிந்து
அடுத்த தோலைப் புரட்டிப் போட்டான்.